டிவி ஸ்கிரீன போன்ல போட்டோ எடுத்து ஸ்ட்ரீமிங் குவாலிட்டிய நிரூபிக்க முடியுமா?

நீங்க கேட்டிருக்கிறது மேலோட்டமா பாத்தா "போட்டோவ குடுத்தா குவாலிட்டிக்கு மார்க் போடுற சாப்ட்வேர் ஏதாவது இருக்கா"ங்கிறது. ஆனா உள்ள இருக்கிற கேள்வி வேற. 4கே பிளானுக்கு மாசாமாசம் காசு கட்டுறீங்க, 55 இன்ச் டிவில படம் கலங்கலா தெரியுது, இருட்டு சீன் வந்தா கட்டம் கட்டமா உடையுது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தா வெறும் கறுப்பு, சரின்னு போன்ல போட்டோ எடுத்தீங்க, உங்க பிரெண்டு அவர் வீட்டு டிவில எடுத்து அனுப்பின அதே சீன் பளிச்னு இருக்கு, இந்த ரெண்டு போட்டோவயும் வச்சுக்கிட்டு கஸ்டமர் கேர்ல சண்டை போடலாமா, அதானே? அந்த ரெண்டு போட்டோவ மட்டும் வச்சு போடாதீங்க, நிக்காது. அதுக்காக கேமராவே பிரயோஜனம் இல்லன்னு சொல்லல. கேமராவால உறுதியா நிரூபிக்கக்கூடிய விஷயங்கள் இருக்கு, ஆனா நீங்க தேடுற இடத்துல இல்ல. நான் ரொம்ப வருஷமா செட்டாப் பாக்ஸும் டிவி ஆப்பும் டெஸ்ட் பண்ற வேலைல இருக்கேன், ஸ்கிரீன் முன்னாடி கேமராவ நிறுத்தி அளக்கிறது எங்களுக்கு தினப்படி பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல ஸ்கிரீன்ஷாட் கறுப்பா வர்றது உங்க டிவி கோளாறு இல்ல. காசு குடுத்து பாக்குற ஓடிடி படம் எல்லாம் காப்பி எடுக்க முடியாதபடி டிஆர்எம்ங்கிற பூட்டு போட்டுத்தான் வருது. கூகுளோட வைட்வைன்ங்கிற பூட்டுல உச்ச நிலையான எல்1 இருக்கிற டிவில பூட்ட திறக்கிறதுலேர்ந்து படம் பேனலுக்கு போறவரைக்கும் தனி பாதுகாப்பான மெமரிலயே நடக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற ஆப்பால அந்த எடத்த எட்டிக்கூட பாக்க முடியாது. எச்டிஎம்ஐல படத்த பதிவு பண்ற கேப்சர் கார்டு போட்டாலும் எச்டிசிபின்னு இன்னொரு பூட்டு இருக்கு, அங்கயும் கறுப்புதான். இதே காரணத்துக்காகத்தான் லேப்லயும் நாங்க கேமரா வைக்கிறோம். ஆக உங்க யோசனைல தப்பில்ல, போன் எதை பாக்கும் எதை பாக்காதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

இப்ப ஒரு சின்ன கணக்கு. 4கே டிவில குறுக்க 3840 பிக்சல். உங்க போன் எடுக்கிற 12 மெகாபிக்சல் போட்டோல குறுக்க சுமார் 4000 பிக்சல். டிவி முழுசா பிரேமுக்குள்ள வர்ற மாதிரி எடுத்தீங்கன்னா டிவியோட ஒரு பிக்சலுக்கு போன்ல ஒரே ஒரு பிக்சல்தான் கிடைக்குது. ஒரு விவரம் உருப்படியா பதிவாகணும்னா குறைஞ்சது ரெண்டாவது வேணும், அதுவும் போன் சென்சார்ல பாதி பிக்சல் பச்சைய மட்டும், கால் சிவப்ப மட்டும், கால் நீலத்த மட்டும் பாக்குது, மிச்சத்த போனே ஊகிச்சு நிரப்பிக்குது. அதனால ரெண்டுக்கும் மேல, மூணு நாலு இருந்தாத்தான் நான் நம்புவேன். அப்ப முழு டிவியயும் ஒரே போட்டோல எடுத்துட்டு "இது 4கே இல்ல, 1080"ன்னு யாராலயும் சொல்ல முடியாது (1080, 720ங்கிறதெல்லாம் படத்துல மேலேர்ந்து கீழ எத்தனை வரிசை பிக்சல்ங்கிற கணக்கு, 4கேக்கு அது 2160), நிஜமாவே 4கே ஓடினாலும் போட்டோல அது தெரியாது. பாக்ஸ்ல 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல்னு போட்டிருக்கேன்னு கேப்பீங்க, பெரும்பாலான போன் சாதாரணமா எடுக்கும்போது நாலு, ஒம்போது பிக்சல சேத்து ஒண்ணாக்கி 12 மெகாபிக்சலாத்தான் சேவ் பண்ணுது. கிட்ட போய் ஸ்கிரீன்ல ஒரு மூலைய, அகலத்துல நாலுல ஒரு பங்கோ அதுக்கும் கம்மியாவோ, மட்டும் எடுத்தா இந்த பிரச்சினை தீரும். ஆனா நீங்க அனுப்பியிருக்கிற போட்டோ ரெண்டும் சோபாலேர்ந்து எடுத்தது, ஜன்னல் திரைகூட தெரியுது.

அடுத்தது, உங்க போட்டோல நீங்க வட்டம் போட்டு காமிச்சிருக்கிற வானவில் மாதிரி வளைஞ்ச கோடு. அது ஸ்ட்ரீமிங் தப்பே இல்ல, மோயரேன்னு சொல்லுவாங்க. டிவில ஒரு கட்டம், போன் சென்சார்ல ஒரு கட்டம், ரெண்டு கட்டமும் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காராம இடிச்சுக்கும்போது இல்லாத ஒரு டிசைன் மொளைக்கும். கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், போன ஒரு இன்ச் நகத்துங்க. கோடும் சேந்து ஓடுச்சுன்னா, வளைஞ்சு நெளிஞ்சதுன்னா மோயரே. போன எங்க நகத்தினாலும் கோளாறு படத்துலயே அதே எடத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா அது நிஜமா ஸ்கிரீன்ல இருக்கு. இந்த ஒரு டெஸ்ட்லயே பாதி புகார் கழிஞ்சிடும்.

கட்டம் கட்டமா வர்றது வேற கதை, அது ஓரளவு நிஜம். வீடியோவ சுருக்கும்போது படத்த சதுரம் சதுரமா வெட்டித்தான் சுருக்குவாங்க, பிட்ரேட் (செகண்டுக்கு வர்ற டேட்டா அளவு) பத்தலன்னா அந்த சதுரத்தோட ஓரம் வெளிய தெரிய ஆரம்பிக்கும், அதுலயும் இருட்டு சீன், புகை, தண்ணி, மழை இதெல்லாம் வந்தா சீக்கிரம் மாட்டிக்கும். ஆனா உங்க போட்டோல தெரியுற அளவுக்கு அது நிஜமா ஸ்கிரீன்ல இருந்துச்சாங்கிறது சந்தேகம். ஏன்னா போன் சும்மா இருக்காது. இருட்டா ஒரு சீன பாத்தா எக்ஸ்போஷர ஏத்தும், நைட் மோட் தானா ஆன் ஆகும், நாலஞ்சு பிரேம சேத்து நிழல தூக்கி விடும், அதுக்கு மேல ஷார்ப்பன் பண்ணும். கறுப்புக்குள்ள அமுங்கி கெடந்த, உங்க கண்ணுக்கு லைட் போட்ட ரூம்ல தெரியவே தெரியாத கட்டத்த எல்லாம் அது தோண்டி வெளிய எடுத்து வைக்கும். இத வச்சு ஸ்ட்ரீமிங் மோசம்னு சொல்றது கேமரா பிரிண்ட்ல படத்த பாத்துட்டு ஒளிப்பதிவாளர திட்டுற மாதிரி.

ஆனா இந்த கட்டத்துலயே ஒரு நல்ல தடயம் இருக்கு, அத நெறைய பேர் கவனிக்கிறதில்ல. ஒரு ஸ்கேல எடுத்துக்கிட்டு டிவிகிட்ட போங்க. 55 இன்ச் 4கே பேனலோட அகலம் கிட்டத்தட்ட 122 சென்டிமீட்டர், அத 3840ஆல வகுத்தா ஒரு பிக்சல் 0.32 மில்லிமீட்டர். எச்.264ங்கிற பழைய வீடியோ சுருக்குற முறைல படத்த 16க்கு 16 பிக்சல் சதுரமா வெட்டுவாங்க. ஸ்ட்ரீம் 1080ஆ வந்து டிவி அத 4கேக்கு இழுத்திருந்தா அந்த 16 பிக்சல் பேனல்ல 32 ஆகும், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர். 720ஆ இருந்தா 48 பிக்சல், 15 மில்லிமீட்டர். 480ன்னா 23 மில்லிமீட்டர பக்கம் போயிடும். இருட்டு சீன்ல பாஸ் பண்ணி நிறுத்தி, தெளிவா தெரியுற ரெண்டு ஓரத்துக்கு நடுவுல ஸ்கேல வச்சு அளந்து, ஸ்கேலோட சேத்து கிட்டக்க ஒரு போட்டோ எடுத்தீங்கன்னா சோபாலேர்ந்து எடுத்த போட்டோவ விட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனா இதுவும் தடயம்தான், தீர்ப்பு இல்ல. எச்.264லயே உள்ள 8க்கு 8, 4க்கு 4னு சின்ன வெட்டும் உண்டு, அத பெரிய கட்டம்னு நெனச்சு அளந்தா கணக்கு தப்பும். எச்இவிசி, ஏவி1 மாதிரி புது முறைல கட்டம் ஒரே சைஸ்ல இருக்காது, சமமா இருக்கிற வானத்துக்கு 64 பிக்சல், முகத்துக்கு 8 பிக்சல்னு மாத்தி மாத்தி வெட்டும். 4கே ஸ்ட்ரீம் எல்லாம் பெரும்பாலும் இந்த புது முறைலதான் வருது. ஸ்கிரீன் பூரா ஒரே சைஸ் கட்டம் வரிசையா தெரிஞ்சா கீழ் ரெசல்யூஷன் எச்.264 ஓடுதோன்னு சந்தேகப்படலாம், அவ்ளோதான்.

சாப்ட்வேர் கேட்டீங்க. இருக்கு, ஆனா உங்களுக்கு ஆகாது. வீமாஃப்னு ஒண்ணு நெட்ஃபிளிக்ஸ் 2016ல எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டது, பூஜ்யத்துலேர்ந்து 100 வரைக்கும் மார்க் போடும். அதுக்கு முன்னாடி 2004லேர்ந்து எஸ்எஸ்ஐஎம், அதுக்கும் முன்னாடி காலங்காலமா பிஎஸ்என்ஆர். இது மூணுக்கும் மூல வீடியோ கைல வேணும், மூலத்தோட ஒவ்வொரு பிரேமயும் இதோட அதே பிரேமுக்கு பக்கத்துல வச்சு பிக்சலுக்கு பிக்சல் ஒப்பிடும். நீங்க கொஞ்சம் சாய்வா புடிச்ச போட்டோவ குடுத்தா படம் எவ்ளோ அருமையா இருந்தாலும் மார்க் பாதாளத்துக்கு போயிடும், அது சாய்வுக்கு கிடைச்ச மார்க். மூலம் இல்லாமயே மார்க் போடுற பிரிஸ்க், நைக் மாதிரி வகையும் உண்டு, அது "சாதாரண போட்டோ எப்படி இருக்கும், இது அதுலேர்ந்து எவ்ளோ விலகியிருக்கு"ன்னு பாக்கும். அதுங்களுக்கு மோயரே கோட்டுக்கும் துணி நெசவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆராய்ச்சி பண்றவங்க நாலு மூலைலயும் குறி ஒட்டி, சாய்வ கணக்கு போட்டு நிமித்தி, கேமராவோட வண்ணத்த திருத்தி, அதுக்கப்புறம் ஒப்பிடுவாங்க, அப்பக்கூட வர்ற நம்பர "இது அத விட மேல்"ங்கிற அளவுக்குத்தான் நம்புவாங்க, தனியா ஒரு நம்பர எடுத்துக்கிட்டு 78 மார்க் குவாலிட்டின்னு எழுத மாட்டாங்க.

சரி, கேமரா எதுல கெட்டின்னு கேட்டா, நேரத்துல. படம் ஆரம்பிக்க எவ்ளோ நேரம் எடுத்துச்சு, நடுவுல எத்தனை தடவ சுத்துச்சு, எங்க நின்னுச்சு, எத்தனை பிரேம் விழுந்துச்சு (காட்டாம தவறிப்போச்சு), சத்தமும் வாயும் சேருதா, லைவ் எவ்ளோ பின்னாடி ஓடுது, இதுல எல்லாம் மோயரேயும் ஒண்ணும் பண்ணாது, நைட் மோடும் ஒண்ணும் பண்ணாது. பாக்குறவங்களுக்கு எரிச்சல் வர்றதும் முக்காவாசி இதுலதான். ஸ்ட்ரீமிங் குவாலிட்டிய அளக்கிறதுக்குன்னே ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு பி.1203னு ஒரு தரநிலை வச்சிருக்கு, அதுல படத்தோட தெளிவு மட்டும் இல்ல, ஆரம்பத்துல காக்க வச்சதும் நடுவுல நின்னதும் சேந்துதான் கடைசி மார்க்க முடிவு பண்ணும்.

செஞ்சு பாக்கணும்னா போன டிரைபாட்ல நிறுத்தி, 240 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 240 பிரேம்) ஸ்லோ மோஷன்ல, கேமரா ஒரு பக்கமா மெதுவா திரும்புற சீன எடுங்க. டிவி செகண்டுக்கு 60 தடவ புதுப்பிக்குது, அப்ப ஒவ்வொரு புதுப்பிப்பும் உங்க வீடியோல நாலு பிரேமுக்கு இருக்கும். சினிமா 24 பிரேம், 60க்குள்ள அது சமமா உக்காராது, அதனால ஒரு பிரேம் மூணு தடவ, அடுத்தது ரெண்டு தடவன்னு மாத்தி மாத்தி காட்டும். உங்க ஸ்லோ மோஷன ஒவ்வொரு பிரேமா தள்ளி எண்ணினா 12, 8, 12, 8னு வரணும். நடுவுல திடீர்னு 20 வந்துச்சுன்னா அங்க ஒரு பிரேம் விழுந்துடுச்சு, மறுக்க முடியாத சாட்சி. 10, 10, 10னு சீரா வந்தா உங்க டிவி 24க்கு ஒத்துப்போற மாதிரி ஓடுது, 120 ஹெர்ட்ஸ் பேனலா இருக்கலாம், நல்லதுதான். கறுப்பு பட்டை மேலேர்ந்து கீழ ஓடினா பயப்படாதீங்க, அது பேக்லைட் மினுக்குறது. ரெண்டு எச்சரிக்கை: டிவில மோஷன் ஸ்மூத்திங் ஆன்ல இருந்தா டிவியே நடுவுல பிரேம் தயாரிச்சு சொருகும், எண்ணவே முடியாது, ஆஃப் பண்ணுங்க. அப்புறம் விலை கம்மியான சில போன்ல ஸ்லோ மோஷனே போலி, 60ல எடுத்துட்டு மிச்சத்த நிரப்பும்.

கிரிக்கெட் மேட்ச்ல பக்கத்து வீட்டுக்காரர் கத்தின அரை நிமிஷம் கழிச்சு உங்க டிவில விக்கெட் விழுதுன்னா அதையும் இப்படி அளக்கலாம், டிடிஎச் ஓடுற ஒரு டிவியும் ஆப் ஓடுற ஒரு டிவியும் ஒரே வீடியோல தெரியுற மாதிரி எடுத்தா போதும். சத்தமும் வாயும் சேருதான்னு பாக்க பேட்ல பந்து படுற சீன் நல்லது. ஐடியு வழிகாட்டில சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலும் 125 மில்லிசெகண்ட் பிந்தினாலும் மனுஷன் கவனிக்க ஆரம்பிச்சிடுவான்னு இருக்கு. போன மூணு மீட்டர் தள்ளி வச்சா சத்தம் வந்து சேரவே 9 மில்லிசெகண்ட் ஆகும், அத கழிச்சுக்குங்க. இதுல பெரும்பாலும் குத்தவாளி சவுண்ட்பாரா இருக்கும், ஆப்பா இருக்காது.

இல்ல, எனக்கு தெளிவத்தான் ஒப்பிடணும்னா ஒரே டிவி, ஒரே போன், ஒரே எடம், இதுல மாத்தம் கூடாது. ரூம் லைட்ட அணைச்சிடுங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், 60 ஹெர்ட்ஸ் டிவியோட அது சேராது. கேமராவ ப்ரோ மோடுல போட்டு ஐஎஸ்ஓ, ஃபோகஸ், வைட் பேலன்ஸ் மூணையும் பூட்டுங்க, ஷட்டர் 1/30 இல்லன்னா 1/60, அதுக்கு வேகமா போனா பட்டை விழும். டிவில விவிட் மோட், ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்ஷன் எல்லாம் ஆஃப். படம் ஆரம்பிச்ச உடனே எடுக்காதீங்க, பிளேயர் முதல்ல கீழ் ரெசல்யூஷன்ல ஆரம்பிச்சு நெட் தாங்குதான்னு பாத்து பாத்துதான் மேல ஏறும், ஒரு நிமிஷமாவது ஓட விடுங்க. பாஸ் பண்ணி எடுக்கும்போது சில ஆப் படத்த மங்கலாக்கி மேல பட்டனெல்லாம் காட்டும், அது மறையுதான்னு பாருங்க. ஒரு பிரேம மட்டும் நம்பாதீங்க, வீடியோல எல்லா பிரேமுக்கும் ஒரே அளவு பிட் குடுக்க மாட்டாங்க, பக்கத்து பக்கத்து பிரேமே தெளிவுல மாறும், அதனால ஒரே சீன்ல நாலஞ்சு எடுங்க. இப்படி எடுத்து, ஒரே படத்த ரெண்டு ஆப்லயோ, வைஃபைலயும் லேன் கேபிள்லயுமோ ஓட்டி ஒப்பிட்டா வர்ற வித்தியாசத்த நான் நம்புவேன்.

உங்க பிரெண்டு டிவி கதை இதனாலதான் நிக்காது. அவர் பேனல் வேற, மோட் வேற, போன் வேற, ரூம் வெளிச்சம் வேற. அவருக்கு பளிச்னு இருக்கிறது அவர் டிவி ஷார்ப்னஸ ஏத்தி வச்சதாலயும் இருக்கலாம், நிஜமாவே நல்ல ஸ்ட்ரீம் வர்றதாலயும் இருக்கலாம், உங்களுக்கு வர்ற ஸ்ட்ரீம் நிஜமாவே மட்டமாவும் இருக்கலாம், போட்டோ எதுக்கும் சாட்சி சொல்லாது. இன்னொண்ணு, டிவி ரிமோட்ல இன்ஃபோ அமுக்கினா 2160ன்னு காட்டுதேங்கிற வாதமும் வேணாம். ஸ்டிக், பாக்ஸ் எல்லாம் உள்ள 720 வந்தாலும் இழுத்து 2160ஆத்தான் டிவிக்கு குடுக்கும், டிவி காட்டுறது அந்த வெளிய போற நம்பர். உக்கார்ற தூரத்தையும் யோசிங்க, 55 இன்ச் டிவி உயரம் 68 சென்டிமீட்டர் சொச்சம், 4கே வித்தியாசம் முழுசா தெரியணும்னா ஒரு மீட்டர் சொச்சத்துல உக்காரணும், மூணு மீட்டர்லேர்ந்து பாத்தா நல்ல 1080க்கும் 4கேக்கும் சாதாரண கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த தூரத்துலேர்ந்தே கலங்கலா தெரியுதுன்னா உங்களுக்கு 1080கூட ஒழுங்கா வரலன்னுதான் சந்தேகப்படுவேன்.

கஸ்டமர் கேர்ல பேசணும்னா டேட்டா கணக்க காட்டுங்க. டிவிய போன் ஹாட்ஸ்பாட்ல போட்டு, மத்த எல்லாத்தையும் துண்டிச்சுட்டு, அந்த படத்த அரை மணி நேரம் ஓட்டி எவ்ளோ எம்பி போச்சுன்னு பாருங்க. 5ஜி நல்லா கிடைக்கிற எடமா இருக்கணும், இல்லன்னா ஹாட்ஸ்பாட்டே படத்த கீழ தள்ளிடும். நெட்ஃபிளிக்ஸ் தன்னோட உதவி பக்கத்துல மணிக்கு எச்டின்னா 3 ஜிபி வரைக்கும், 4கேன்னா 7 ஜிபி வரைக்கும்னு சொல்லுது, மத்ததும் ஏறக்குறைய இந்த வட்டாரத்துலதான் இருக்கும். அரை மணில 300, 400 எம்பிதான் போச்சுன்னா அது 4கே இல்லன்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்லலாம். நடுவுல ஒரு நம்பர் வந்தா அவசரப்படாதீங்க, கார்ட்டூன் மாதிரி எளிமையான படத்துக்கு கம்மி பிட்டே போதும்னு படத்துக்கு படம் கணக்கு போட்டுத்தான் இப்ப சுருக்குறாங்க, ஏவி1ல வந்தா இன்னும் குறையும். யூடியூபா இருந்தா இந்த பாடே வேணாம், ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் ஆன் பண்ணினா ரெசல்யூஷன், கோடெக் (எந்த முறைல சுருக்கினதுன்னு), விழுந்த பிரேம் எல்லாம் அதுவே சொல்லிடும். ஆப்காரங்களே வேணும்னு குறைக்கிறதும் நடக்கும், 2020 மார்ச் லாக்டவுன்ல நெட் தாங்கணும்னு இந்தியால ஓடிடி கம்பெனிங்க சேந்து மொபைல் நெட்வொர்க்ல எச்டிய நிறுத்தி 480க்கு இறக்கினாங்க, அது எல்லாருக்கும் சொல்லிட்டு செஞ்சது.

புகாருக்கு அனுப்ப வேண்டியது: படத்தோட பேர், எத்தனாவது நிமிஷம், டிவி மாடல், லேன் கேபிள்ல எடுத்த ஸ்பீட் டெஸ்ட், அரை மணி டேட்டா கணக்கு, ஸ்கேல் வச்ச அந்த கிட்டத்து போட்டோ ஒண்ணு, சுத்திக்கிட்டு நிக்கிறதுன்னா அத கடிகாரத்தோட எடுத்த வீடியோ. அதுக்கு முன்னாடி உங்க பிளான் 4கேதானா, அந்த டிவி மாடலுக்கு அந்த ஆப் 4கே குடுக்குதா, வைட்வைன் எல்1ஆ, கீழ் நிலையான எல்3ஆ, வெளி பாக்ஸ் வச்சிருந்தா அது சொருகின எச்டிஎம்ஐ போர்ட் எச்டிசிபி 2.2 உள்ளதான்னு பாத்துடுங்க. எல்3ன்னு இருந்துச்சுன்னா பெரும்பாலான ஆப் எச்டியே குடுக்காது, அப்ப கேக்க வேண்டிய ஆளு டிவி கம்பெனிக்காரன், ஓடிடிகாரன் இல்ல. டிவி மாடல் நம்பர கீழ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.